துறைமுகம் மூடியிருக்கும்போது மட்டும்

புவேர்த்தோ மோன்ட்டில் மழைக்கு விடுமுறை கிடையாது.
படகு நிறுவனத்தின் மூன்றாம் மாடியில்
எடெல்மிரா பாமோன்டே
ஹீட்டரைக் காலால் அருகே இழுத்துக்கொண்டு
ஸ்டைல்ஷீட்டைத் திறக்கிறாள்.

நானூற்றுப் பன்னிரண்டு கிலோபைட்.
ஏழு பேர் எழுதியது.
ஒருவர் பூசிய நிறத்தின் மேல் மற்றவர் பூசிய நிறம்.
ஒரே பொத்தானுக்கு நான்கு நீலம்.
கடைசியாக எழுதிய நீலம்தான் ஜெயிக்கும்.
தோற்ற மூன்றும்
தோற்றபடியே கேபிள் ஏறி, கோபுரம் தாவி
தெற்கே தீவு தீவாகப் போய்வரும்.

மெலிங்காவில் சிக்னல் ஒற்றைக்கோடு.
சிப்பி ஆலையில் இரவு ஷிஃப்ட் முடித்த ஒருவன்
டிக்கெட்டுக்காகக் கைபேசியைத்
தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறான்.
வெள்ளைத் திரை.
வெள்ளைத் திரை.
பதினேழு நொடி.
கிரீடம் கட்டி முடியாமல்
திரைக்கு வெளியே வராத கூத்து ராஜாபோல
அலங்காரம் முழுதும் வந்து சேராமல்
எழுத்தைக் காட்ட மாட்டேன் என்கிறது ப்ரௌசர்.

முதலில் இடைவெளிகள்.
அவை நமக்கு. எந்திரம் மூச்சு வாங்குவதில்லை.
ஆறெழுத்து வெள்ளையை மூன்றெழுத்தில் எழுதினாலும்
அதே வெள்ளைதான்.
பூஜ்யம் பிக்சல் என்று எவனோ எழுதியிருக்கிறான்.
ஒன்றுமில்லாததை அளக்க எதற்கு ஒரு அலகு?

பிறகு, சாய்கோட்டுக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவே
மனிதர் மனிதருக்கு எழுதிவைத்தவை.
“இதைத் தொடாதே. ஏனென்று எனக்கும் தெரியாது.”
“மூன்று பிக்சல் தள்ளச் சொன்னார். தள்ளினேன்.
இப்போது திரும்பத் தள்ளச் சொல்கிறார்.”
“ருபெர்த்தோவுக்கு மகள். கேக் சமையலறையில்.”
அந்த கேக்கைத் தின்று எட்டு வருடம்.
அதையும் சேர்த்துத்தான்
காசு கொடுத்து இறக்கிக்கொண்டிருந்தான் சிப்பிக்காரன்.
மூலத்தில் இருக்கட்டும், அனுப்புவதில் வேண்டாம்.
வீட்டில் பேசியதையெல்லாம்
தந்தியில் அடிப்பார்களா?

கடைசியில் சல்லடை:
எந்தப் பக்கமும் பெயர் சொல்லிக் கூப்பிடாத விதிகளை
தேடித் தேடி உதிர்க்கும் கருவி.
கிறிஸ்துமஸ் பனித்துளி போயிற்று.
என்றோ நிறுத்திய வழித்தடத்தின் ஆரஞ்சு போயிற்று.
முப்பத்தொன்பது கிலோபைட். பிழிந்து அனுப்பினால் ஒன்பது.
ருபெர்த்தோ சிகுவாய் எழுந்து நின்று கைதட்டினார்.
அவருக்கும் ஒரு மாத்தே ஊற்றினாள்.

ஜூனில் வடமேற்குக் காற்று.
துறைமுகத்தை மூடச் சொன்னார் அதிகாரி.
சர்வர் தன் கடமையைச் செய்தது:
பக்கத்தின் நெற்றியில் ஒரு வாக்கியம்,
வாக்கியத்துக்கு ஒரு வகுப்புப் பெயர்.
வருடத்தில் சில நாள் மட்டும் அழைக்கப்படும் பெயர்.
சல்லடை போட்ட அன்று
கடல் தட்டுப்போலக் கிடந்தது.

சிவப்புப் பட்டை இல்லை. பெரிய எழுத்து இல்லை.
இன்று படகு இல்லை என்பது
யாரோ எங்கோ போட்ட அடிக்குறிப்புபோல
பொடியாக, சாம்பலாக,
வேகமாக,
மிக மிக வேகமாக வந்து சேர்ந்தது.

கெயோன் துறையில் நாற்பத்தொரு பேர் நின்றார்கள்,
கூண்டில் இரண்டு கோழியோடு,
பிளாஸ்டிக் சுற்றிய சலவை இயந்திரத்தோடு.
யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நனைந்தார்கள்.
ஒருத்தி மட்டும் போனில் கேட்டாள்:
“போட்டிருந்தீர்கள், சரி.
சொன்னீர்களா?”

எடெல்மிரா பதில் தேடவில்லை.
பழைய கோப்பிலிருந்து ஆறு வரியை எடுத்து வந்து வைத்தாள்.
சல்லடைக்கு, இதை விடு என்று எழுதினாள்.
நட்சத்திரத்துக்குப் பக்கத்தில்
ஓர் ஆச்சரியக்குறி இட்டால்
கருவி அந்தக் குறிப்பைத் தின்னாது.
இட்டாள்.
“நாற்பத்தொரு பேர் நனைந்தார்கள்.”
அவள் மொழியில் இருபத்தொன்பது பைட்.

இப்போது மெலிங்காவில் யார் டிக்கெட் எடுத்தாலும்
அந்த வரியும் இறங்குகிறது,
எந்தத் திரையிலும் தெரியாமல்.
ருபெர்த்தோ பார்த்தார், இதை நீக்கலாமே என்றார்.
வேண்டாம் என்றாள்.